ஒரு கப் என்றால் எல்லாமே 250 கிராம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சமையல் பக்கத்தின் அடியில் வாரந்தோறும் ஒரு சிறு கட்டம் வருகிறது. 'ஒரு கப் – 250 கிராம். ஒரு டேபிள்ஸ்பூன் – 15 கிராம். ஒரு டீஸ்பூன் – 5 கிராம்' என்று அதில் இருக்கிறது. எந்தப் பொருளுக்கு இந்தக் கணக்கு என்று ஒரு சொல்லும் இல்லை. அரிசிக்கும் இதுதான், அவலுக்கும் இதுதான், நெய்க்கும் இதுதான் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். அந்தக் கட்டத்தை நீக்க வேண்டும், அல்லது பொருள்வாரியாகத் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே ரங்கூனிலிருந்து இதை எழுதுகிறேன்.

250 மில்லி தண்ணீரை நிறுத்தால் 250 கிராம் இருக்கும். பாலும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். சில கிராம் கூடும். மற்ற பொருள்கள் அப்படி இல்லை. அதே 250 மில்லி கப்பில் சர்க்கரையைத் தலைவழித்து அளந்தால் 200 கிராமைச் சற்றே தாண்டும். மைதா 125 கிராமும் நிற்கும், 150 கிராமும் நிற்கும். அள்ளுகிற கையைப் பொறுத்தது. சலித்த கடலை மாவு 100 கிராமை ஒட்டி வரும். தேனோ 350 கிராம். கப் மாறவில்லை, உள்ளே இருக்கும் பொருள் மாறியது, எடை மூன்று மடங்குக்கு மேல் மாறிவிட்டது. இத்தனையையும் ஒரே எண்ணுக்குள் அடைத்து வைத்திருக்கிறது தங்கள் கட்டம்.

இதில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று தாங்கள் கேட்கலாம். இங்கே பயின்னவுங் மொத்தச் சந்தையில், பருப்பு மண்டியில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். தமிழ்நாட்டில் இட்லிக்கு அரைக்கிற உளுந்தில் ஒரு பங்கு இங்கிருந்து கப்பலேறி வந்ததாகவே இருக்கும். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்துக்குப் பர்மாதான் முதன்மையான மூலம். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் வாங்கிக்கொள்ள 2021ஆம் ஆண்டு இரு நாடுகளும் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்தச் சரக்கெல்லாம் தராசில் ஏறிப் போவது. ஆனால் பர்மா விவசாயி தன் விளைச்சலைச் சொல்வது இன்றைக்கும் கூடைக் கணக்கில்தான்.

கூடைக் கணக்கு இப்படி. ஒரு கூடைக்கு 16 பியி. ஒரு பியிக்கு 8 பால் டின். பால் டின் என்பது கெட்டிப்பால் வருகிற அதே தகர டப்பா. பால் தீர்ந்ததும் கழுவிக் காயவைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவோம், அதுவே வீட்டுக்கு அளவை. கூடையின் கொள்ளளவு 9 காலன், அதாவது 41 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கொள்ளளவு எல்லாச் சரக்குக்கும் ஒன்று. எடை மட்டும் ஒன்றல்ல. நெல் என்றால் கூடைக்கு 46 ராத்தல், அதாவது 46 பவுண்டு, என்று எழுதுவோம். அரிசி 75 ராத்தல். உளுந்து 72. எள் 54. தோலோடு நிலக்கடலை 25 ராத்தல்தான். இவை யாரோ ஒருவர் மனக்கணக்காகச் சொன்னவை அல்ல. வாங்குகிறவரும் விற்கிறவரும் அரசும் ஏற்றுக்கொண்டு நிலைத்துப்போனவை. எழுத்துவாசனை அறியாத வண்டிக்காரரிடம் போய், "ஒரு கூடை எத்தனை ராத்தல்?" என்று கேட்டுப் பாருங்கள். "என்ன சரக்கு?" என்று திருப்பிக் கேட்பார். அதைக் கேட்காமல் கொள்ளளவை எடையாக மாற்றவே முடியாது. தங்கள் கட்டம் அதைக் கேட்கவில்லை.

காரணம் எளிது. அளவைக்குள் இருப்பது தானியம் மட்டும் இல்லை. மணிக்கு மணி நடுவே காற்றும் இருக்கிறது. நிலக்கடலையின் தோலுக்குள் பாதி வெற்றிடம். நெல்லை உமி தூக்கி நிறுத்துகிறது. உமி போன அரிசி நெருங்கிப் படிகிறது. மாவு இன்னும் மோசம். சலித்துக் கரண்டியால் மெல்லப் போட்டால் காற்றோடு நிற்கும். கப்பை மூட்டைக்குள் குத்தி அள்ளினால் இறுகிப் போய்க் கால் பங்கு கூடிவிடும். மேடையில் இரண்டு தட்டு தட்டினால் இன்னும் இறங்கும். துருவிய தேங்காயும் அப்படியே. அழுத்தி வைத்தால் ஒரு கணக்கு, உதிரியாக வைத்தால் ஒரு கணக்கு. தராசுக்குக் காற்று தெரியாது. பொருளை மட்டும்தான் அது சொல்லும்.

இதனால் என்ன நடக்கிறது என்பதற்கு எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கள் பக்கத்தில் வந்த மைசூர்பாகுக் குறிப்பை என் மருமகள் செய்தாள். கடலை மாவு ஒரு கப், சர்க்கரை இரண்டு கப், நெய் இரண்டு கப் என்று இருந்தது. எங்களிடம் பால் டின் இருக்கிறது, தராசு இருக்கிறது. 250 மில்லி கப் கிடையாது. கட்டத்தில் எடை போட்டிருக்கிறார்களே என்று நம்பி, 250 கிராம் கடலை மாவும், அரைக் கிலோ சர்க்கரையும், அரைக் கிலோ நெய்யும் நிறுத்து வைத்தாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குறிப்பை எழுதியவர் உண்மையில் போட்டது 100 முதல் 120 கிராம் மாவு, 400 கிராமுக்கு மேல் சர்க்கரை, ஏறக்குறைய 450 கிராம் நெய். மருமகள் போட்டதில் சர்க்கரை ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, நெய் சிறிது கூடியிருக்கிறது, மாவோ இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது.

பாகு ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் மாவைத் தூவினாள். பாதி போடும்போதே கரண்டி இழுத்தது. சூடான நெய்யை ஊற்ற ஊற்ற, நுரைத்துப் பொங்கிக் கூடு கட்ட வேண்டிய இடத்தில், மாவு நெய்யை அப்படியே குடித்துக்கொண்டு உருண்டையாகத் திரண்டது. தட்டில் கொட்டிச் சமப்படுத்தக்கூட இடம் கொடுக்கவில்லை. ஆறியபின் கத்தி இறங்கவில்லை. உள்ளே பச்சை மாவு வாடை. இங்கே நெய் விற்கும் விலையில் அரைக் கிலோ நெய் ஒரு குடும்பத்துக்குச் சிறிய காரியம் இல்லை. தனக்குக் கைப்பக்குவம் போதாது என்று அந்தப் பெண் இரண்டு நாள் வருந்தினாள். அவள் கையில் குறை எதுவும் இல்லை; பதம் பார்க்கவும் தெரியும், தீயை அடக்கவும் தெரியும். குறை முழுவதும் அச்சிட்ட எண்ணில் இருந்தது. நாளிதழில் அச்சாகி வந்த எண்ணை மக்கள் நம்புகிறார்கள், ஆசிரியர் அவர்களே. அந்த நம்பிக்கைக்குத் தாங்கள் பொறுப்பு.

எண்ணெய் விஷயத்தில் எங்களுக்கு இன்னொரு முடிச்சு. தமிழ்நாட்டில் எண்ணெய் லிட்டரில் விற்கிறது. இங்கே விசையில் விற்கிறது. எங்கள் விசை 1.633 கிலோ. பழைய சென்னை வீசையைவிட இது பெரியது. அது ஏறக்குறைய 1.4 கிலோ. எங்கள் விசையை நூறாகப் பிரித்தால் வருவது ஒரு டிக்கல், 16.33 கிராம். சந்தையில் கால் விசை என்று கேட்டு வாங்குவது 408 கிராம். அறுபதுகளில் இங்கிருந்து கப்பலேறி வந்து சென்னையில் குடியமர்ந்தவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு இந்தக் கணக்கு மறந்திருக்காது. முறுக்குக்கு ஒரு லிட்டர் எண்ணெய் என்று தாங்கள் எழுதினால், நாங்கள் கடையில் எவ்வளவு கேட்பது? எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் 915 கிராம் அளவுக்குத்தான் வரும். அதாவது 56 டிக்கல், அரை விசையைக் காட்டிலும் சற்றுக் கூடுதல். லிட்டரும் கிலோவும் ஒன்று என்று எண்ணி வாங்கினால் 61 டிக்கலுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

எண்ணெய்க்குச் சூடும் ஒரு கணக்கு. இந்திய அரசே இதை 2022ஆம் ஆண்டு கவனித்தது. சில ஆலைகள் எண்ணெய் உறையில் 60 டிகிரி வெப்பத்தில் இத்தனை லிட்டர் என்று அச்சிட்டு வந்தன. 21 டிகிரியில் ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 919 கிராம். 60 டிகிரியில் அதே லிட்டர் 892.6 கிராம்தான். சூட்டில் விரிந்ததைக் காட்டி எடையைக் குறைத்துக்கொள்ள இடம் இருந்தது. எனவே வெப்பநிலையைப் போடாமல் கொள்ளளவை அச்சிடுங்கள், கூடவே எடையையும் அச்சிடுங்கள் என்று நுகர்வோர் துறை உத்தரவிட்டது. ஓர் எண்ணெய் உறைக்கு இருக்கும் ஒழுங்கு, லட்சக்கணக்கானவர் பார்த்துச் சமைக்கும் ஒரு பக்கத்துக்கும் வேண்டும் அல்லவா?

இனி, கப் என்பதே எது என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கப் 237 மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. மின்சார அரிசிக் குக்கரோடு பெட்டியில் வருகிறதே ஒரு பிளாஸ்டிக் கப், அது 180 மில்லி. அரிசி போட்டால் 150 கிராம் பிடிக்கும். இன்று ரங்கூனிலும் சரி, மதுரையிலும் சரி, பல வீடுகளில் கப் என்று கையில் எடுப்பது அதைத்தான். எங்கள் பால் டின்னோ வழிய வழிய அளந்தால் 320 மில்லி, அரிசி 265 கிராம். குக்கர் கப்பில் செய்தவளுக்கும் பால் டின்னில் செய்தவளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு வேறுபாடு. இருவரும் தங்கள் பக்கத்தைத்தான் பார்த்துச் செய்தார்கள். டேபிள்ஸ்பூனிலும் இதே கதை. பொதுவாக 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20.

நம் முன்னோரும் கொள்ளளவில்தானே அளந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். அளந்தார்கள். ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் இரண்டு மடங்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டு பால் டின் ஒரு பியி என்பதும் அதே முறைதான். ஆனால் படியும் ஊருக்கு ஊர் மாறியது. அந்தந்த ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரே படி இருந்தது, சொல்லிக்கொடுத்தவள் அடுப்புப் பக்கத்திலேயே நின்றாள், அதனால் நடந்தது. அச்சிட்ட குறிப்பு கடல் கடந்து போகிறது; சொல்லிக்கொடுக்கக் கூட யாரும் வருவதில்லை. இந்தியா 1956ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கிலோவுக்கு மாறிவிட்டது. பர்மாவில் 2013ஆம் ஆண்டு அரசு மெட்ரிக் முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது, சந்தையில் இன்னும் விசைதான். ஆனாலும் எங்கள் கடைகளில் விற்கும் சிறிய மின்தராசில் கிராம் இருக்கிறது. கிராம் என்று எழுதினால் ரங்கூனிலும் புரியும், டர்பனிலும் புரியும், போர்ட் லூயியிலும் புரியும். கப் என்றால் அவரவர் கையில் இருப்பது.

எல்லாவற்றையும் நிறுத்துத்தான் சமைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அனுவராத்தா சாலையில் 1871ஆம் ஆண்டில் நம் மக்கள் கட்டிய காளி கோயில் இருக்கிறது. இத்தகைய கோயில்களின் மடப்பள்ளிகளில் சர்க்கரைப் பொங்கலுக்குத் தராசு தேவைப்படுவதில்லை. அரிசி எந்த அளவையில் போட்டார்களோ அதே அளவையில் பாசிப்பருப்பும் வெல்லமும் தண்ணீரும் போடுகிறார்கள். ஒரே அளவை என்கிறபோது அது பெரியதா சிறியதா என்பது பொருட்டே இல்லை; விகிதம் காப்பாற்றிவிடும். இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்பதும் அப்படித்தான். ஆழாக்கில் அளந்தாலும் பால் டின்னில் அளந்தாலும் இட்லி வரும். பாதியை அளவையிலும் மீதியை எடையிலும் எடுக்கும்போதுதான் விகிதம் உடைகிறது. '200 கிராம் வெல்லம், ஒரு கப் அரிசி மாவு' என்று தங்கள் பக்கத்திலேயே அதிரசக் குறிப்பு வந்தது. வெல்லம் நிலையாக நிற்கிறது, மாவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதிலும் அதிரச மாவு ஈர மாவு. காய்ந்த மாவின் எடைக்கு அது ஒத்துவராது. எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்து கரைந்தால் பாகைத்தான் குறை சொல்வார்கள்.

மிகச் சிறிய அளவுகளுக்குக் கரண்டியே சரி. சமையலறைத் தராசு இரண்டு கிராம், மூன்று கிராமைத் திடமாகக் காட்டாது. பெருங்காயத்தையும் சோடா உப்பையும் டீஸ்பூனில்தான் சொல்ல வேண்டும். ஆனால் அங்கேயும் '1 டீஸ்பூன் – 5 கிராம்' என்பது தவறு. மஞ்சள்தூள் ஒரு டீஸ்பூன் 3 கிராம்தான். தூள் உப்பு தலைவழித்து எடுத்தால் 6 கிராம். கல்லுப்பு என்றால் கற்களுக்கு நடுவே காற்று; அதே டீஸ்பூனில் எடை குறையும். உப்பைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தம் உள்ள ஒருவர் தங்கள் கட்டத்தைப் பார்த்து, 5 கிராம் என்றால் ஒரு டீஸ்பூன் என்று நாள்தோறும் அளந்து போட்டால், எல்லையைத் தாண்டிக்கொண்டே இருப்பார், அது அவருக்குத் தெரியவும் தெரியாது. மைசூர்பாகு கெட்டால் நெய் போகும். இது உடம்பு.

'எலுமிச்சை அளவு புளி' என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே சந்தையில் வருகிற எலுமிச்சை கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியதாகவும் இருக்கும், கைக்கு அடக்கமாகவும் இருக்கும். புளியும் புதுப்புளி வேறு, பழம்புளி வேறு. கொட்டையும் நாரும் போனது வேறு. 'கொட்டை நீக்கிய புளி 25 கிராம்' என்று எழுதினால் யாருக்கும் ஐயம் வராது. எலுமிச்சை அளவு என்பதையும் விடாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொல் நம் வீட்டுச் சொல், அது போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

தாங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. பக்கத்தின் தலைப்பிலேயே 'இங்கே கப் என்பது 250 மில்லி' என்று ஒரு வரி போடுங்கள். மாவு, ரவை, சர்க்கரை, வெல்லம், நெய் ஆகியவற்றுக்குக் கப்போடு கிராமையும் போடுங்கள். குறிப்பு அனுப்புகிறவர் சமைக்கும்போதே தராசில் வைத்து எழுதி அனுப்பட்டும். அலுவலகத்தில் யாரும் ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்து மாற்றிப் போட வேண்டாம். அவர் மாவைச் சலித்தாரா, அள்ளினாரா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

250 மில்லி கப் இல்லாத வாசகருக்கும் ஒரு வழி சொல்லலாம். வீட்டில் வழக்கமாக எடுக்கும் டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி அந்த டம்ளர். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டு, அதே டம்ளரில் தன் வீட்டு அரிசியையும் கடலை மாவையும் ரவையையும் தனித்தனியே தலைவழித்து அளந்து நிறுத்துப் பார்த்து, ஒரு காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தால் போதும். என் மருமகள் அப்படித்தான் ஒட்டி வைத்திருக்கிறாள், கிராமில் ஒரு வரிசையும் டிக்கலில் ஒரு வரிசையுமாக. தங்கள் பக்கத்தில் இதை ஒரு படத்தோடு வெளியிட்டால் தமிழ்நாட்டுப் பெண்களுக்கும் உதவும். தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக உதவும்.

தீபாவளி மலருக்கான வேலை தொடங்கியிருப்பீர்கள். அதற்குள் அந்தக் கட்டத்துக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இந்த ஆண்டு மலரில் மைசூர்பாகுக் குறிப்பு மீண்டும் வருமானால், கடலை மாவின் எடையை 100 முதல் 120 கிராமுக்குள், குறிப்பை எழுதியவர் நிறுத்துப் பார்த்த சரியான எண்ணாகப் போடுங்கள். மலர் வெளியாகி இங்கே கைப்பேசிக்கு வந்து சேர்வதற்கு முன்பே நாங்கள் நெய் வாங்கி வைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
மண்டிக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற வாசகர்,
ரங்கூன், பர்மா.